வயதுக் கோடு எதைப் பார்க்கும்?

ஹாரி பாட்டர் கதையின் நான்காம் புத்தகம் 2000-இல் வந்தது. அதில் ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியில் ஒரு நெருப்புக் கோப்பையை வைக்கிறார்கள். ஆபத்தான போட்டி ஒன்றில் சேர விரும்புகிறவர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். 17 வயது நிரம்பாதவர்கள் கிட்டேயே போகக் கூடாது. காவலுக்கு ஆள் கிடையாது. தலைமையாசிரியர் டம்பிள்டோர் கோப்பையைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுகிறார், அவ்வளவுதான். அதன் பெயர் வயதுக் கோடு.

ஃபிரெட், ஜார்ஜ் என்ற இரட்டையருக்கு 17 ஆகச் சில மாதங்களே பாக்கி. வயதைக் கூட்டும் மருந்தைக் கொஞ்சம் குடித்துவிட்டுக் கோட்டைத் தாண்டுகிறார்கள். ஒரு நொடி, ஜெயித்துவிட்டது போலத்தான் தெரிகிறது. அடுத்த நொடி இருவரும் வெளியே வந்து விழுகிறார்கள், முகத்தில் நீளமான வெள்ளைத் தாடியோடு!

கோடு எதைப் பார்த்து அவர்களின் வயதைக் கண்டுபிடித்தது? எலும்பையா?

எலும்பைப் பார்த்து வயது சொல்ல நம் மருத்துவர்களுக்கும் தெரியும். உங்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பது போலத் தோன்றும். அங்கே இருப்பது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியாது. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். வளர்ச்சி முடியும்போது குருத்தெலும்பும் எலும்பாகி, இரு பகுதிகளும் ஒட்டிக்கொள்ளும். 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்தில், 2009 முதல் வீரர்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். முன்கையின் ஆரை எலும்பு முழுதாக ஒட்டியிருந்தால், அவர் 17-ஐத் தாண்டியவர் என்பது ஏறக்குறைய உறுதி. ஹாக்வர்ட்ஸில் சின்னவர்களைத் தடுத்தார்கள், இங்கே பெரியவர்களை!

ஆனால், ஒரே வயதுள்ள எல்லோருக்கும் எலும்பு ஒரே நேரத்தில் ஒட்டுவதில்லை. சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். சில மாத வித்தியாசத்தை எலும்பால் காட்டிக்கொடுக்க முடியாது. அதோடு, மருந்து உடம்பை முதிர வைத்திருந்தால் எலும்பும் முதிர்ந்திருக்குமே! கோடு ஏமாந்திருக்க வேண்டும். ஏமாறவில்லை என்றால், பிறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையே அது நேராகப் பார்த்திருக்கிறது.

அப்படி ஒரு பதிவு உடம்பில் உண்டா? உண்டு, கண்ணில். கண் வில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடும்; அதன்பின் மாறுவதே இல்லை. அதில் சிக்கிய கார்பன்-14 அணுக்கள் மட்டும் மெல்லச் சிதையும். பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். கிரீன்லாந்து சுறாவுக்கு வயது கண்டுபிடித்தது இப்படித்தான். சுறாவுக்குத்தான் எலும்பே கிடையாதே, உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு! 2016-இல் வெளியான ஆய்வில், ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு சுறாவுக்குச் சுமார் 392 வயது என்று கணக்கிட்டார்கள். 120 ஆண்டு கூடலாம், குறையலாம். எப்படிப் பார்த்தாலும் 270-க்குக் குறையாது.

மாதக் கணக்கைச் சொல்ல இந்த முறை உதவாது. அந்த வகையில் டம்பிள்டோரின் கோடு கெட்டிதான். ஆனாலும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. (கதையை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) 14 வயது ஹாரியின் பெயரும் கோப்பையிலிருந்து வெளியே வந்தது. அவன் கோட்டின் பக்கமே போகவில்லை. பெரியவர் ஒருவர் அவன் பெயரை எழுதிப் போட்டிருந்தார். கோடு தாண்டுகிற ஆளைத்தான் சோதிக்கும். அவர் கையிலுள்ள சீட்டைப் படிக்காது.