புதுப் பதிப்பும் பழைய திறவுகோலும்

கட்டளைவரியில் இயங்கும் மென்பொருள்களுள் ஓப்பன் எஸ்.எஸ்.எச். தலையாயதொன்று. கண்ணைக் கவரும் படங்களோ பொத்தான்களோ அதற்கில்லை. தட்டச்சிடும் ஒரு வரியே அதற்கு ஏவலாகும். தொலைவிலுள்ள கணினியினுட் பாதுகாப்பாகப் புகுதற்கும், இடைநின்றார் படித்தறியாவண்ணம் செய்திகளை இணையத்தூடே சுரங்கவழியாற் செலுத்துதற்கும் அது பயன்படும். சுரங்கமென்பது உருவகமே. நம் கணினியின் வாயிலொன்றிற் புகும் செய்தி மறைமொழியாக மாற்றப்பட்டுத் தொலைக்கணினியை அடையும். அங்கே பழைய வடிவம் பெற்று, தான் சேரவேண்டிய இடத்துக்குச் செல்லும்.

1995 ஆம் ஆண்டிற் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவுபோயின. அதுகண்ட தாத்து இலோனென் என்பார் எஸ்.எஸ்.எச். என்னும் மூலமென்பொருளை ஆக்கினார். பிந்திய பதிப்புகளின் உரிமம் இறுகவே, தடையற்ற பழைய பதிப்பொன்றை அடியாகக் கொண்டு ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் 1999 இல் ஓப்பன் எஸ்.எஸ்.எச்.ஐ வெளியிட்டனர்.

புதுப் பதிப்பென்றதும் பலரும் புதிய வசதிகளையே எதிர்நோக்குவர். இத்தகைய கருவியிலோ சேர்ப்பதினும் நீக்குவதே அரிது. புகுவார் இன்னாரென நிறுவுதற்குரிய முறைகளுள் டி.எஸ்.ஏ. என்னும் திறவுகோல் முறை ஒன்று. அதன் மறைத்திறவுகோல் 160 பிற் அளவிற்கு மட்டுப்பட்டது. இக்காலத்திற்கு அவ்வன்மை போதாது. ஆயினும், அதனையன்றி வேறொன்றறியாத பழைய சாதனங்கள் பல இருந்தன. ஆதலின் 2015 இல் வந்த 7.0 ஆம் பதிப்பு அதனை முடக்கிவைத்தது. வேண்டுவோர் தாமே மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். 2024 சனவரியில் நீக்கற்கால அட்டவணை அறிவிக்கப்பட்டது. அடியோடு நீக்கியது 2025 ஏப்பிரலில் வெளியான 10.0 ஆம் பதிப்பே. பத்தாண்டுத் தவணை! இதனைத் தாமதமென்பாரும் உளர்; யான் அங்ஙனம் கருதேன். இரவிற் புதுப் பதிப்பை நிறுவியவன் காலையிற் றன் சாதனத்தினுட் புகமாட்டாது நிற்பானாயின், அவன் பின்னர் எப்புதுப் பதிப்பையும் நாடான். பழையதன் ஓட்டைகளோடே காலங்கழிப்பான்.

புதுப் பதிப்பே ஓட்டையைக் கொணர்வதும் உண்டு. வழங்கிப் பகுதியில் இருந்த ஒரு குறை 2006 இல் 4.4 ஆம் பதிப்பால் நீக்கப்பட்டது. 2020 இற் செய்த மாற்றமொன்றில் அக்காப்பு வரி தவறுதலாக விடுபட்டது. 2021 மார்ச்சில் வெளியான 8.5 ஆம் பதிப்போடு பழைய குறையும் திரும்பிற்று. நற்படி எழுதும் மாணவன் முதற்படியில் ஆசிரியர் திருத்திய பிழையை மீளவும் எழுதிவிடுவது போன்றதே இது, விளைவுதான் வேறு. மூன்றாண்டிற்கு மேலாக எவரும் அதனைக் கண்டிலர். குவாலிஸ் நிறுவன ஆய்வாளர் கண்டுரைத்தபின், 2024 யூலை 1 இல் 9.8 ஆம் பதிப்பு அதனைத் திருத்தியது. 32 பிற் லினக்ஸ் கணினிகளில், இடைவிடாது ஆறு முதல் எட்டு மணிநேரம் முயன்றால், கடவுச்சொல் இன்றியே முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாமென அவ்வாய்வாளர் காட்டினர். ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்தை இக்குறை தீண்டவில்லை. நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் செயலுக்கு ஆங்கே பாதுகாப்பான வேறொரு வழி முன்னரே அமைந்திருந்தது.

பதிப்பெண்ணுங்கூட இடர் விளைக்கும். இணைப்புத் தொடங்கும்போது இருபுறக் கணினிகளும் தத்தம் பதிப்பெண்ணைக் கூறிக்கொள்ளும். 9.9 ஐ அடுத்து 10.0 வந்தபோது, எண்ணின் முதலிலக்கத்தை மட்டும் நோக்கும் மென்பொருள்கள் அதனை மிகப் பழைய முதலாம் பதிப்பென மயங்கக்கூடுமென வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரிக்கை தரவேண்டியதாயிற்று.