இரண்டாவது கடை இல்லாத இடம்

சித்தூரில் நமது கிளை ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தபோது, ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் முதிய ஆசிரியர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைகள் கூடிப் பேசி, அவருக்கும் துணைவியாருக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலில் இடம் பதிவு செய்திருக்கிறார்கள். பணம் கட்டியாயிற்று. அறையும் ஒதுக்கியாயிற்று. "அலையைப் பற்றி எனக்குப் பயமில்லை ஐயா. நடுக்கடலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து எந்தக் கடைக்குப் போவது? அதுதான் யோசனையாக இருக்கிறது" என்றார்.

கேட்டவர் புன்னகையோடுதான் கேட்டார். ஆயினும் அந்தக் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. நகரத்து உணவகம் ஒன்று சரியில்லையெனில் மறுமுறை வேறு கடைக்குச் செல்கிறோம். அந்த அச்சமே உணவக உரிமையாளரை ஒழுங்காக வைத்திருக்கிறது. கப்பலில் அந்த அச்சத்திற்கு இடமில்லை. உண்பவர் முன்பணம் செலுத்திவிட்டார், கரையும் கண்ணுக்கெட்டவில்லை.

தென்னிந்தியக் குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலா இப்போது எட்டாத கனவு அன்று. 2022 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தன் பயணங்களைத் தொடங்கியது. மறு ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் சென்றது. 1990ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல் சுமார் 1,800 பயணிகளை ஏற்றக்கூடியது. இன்றைய உலக அளவில் இது சிறிய கப்பலே. 2024 ஜனவரியில் முதற்பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 7,600 பயணிகள் வரை ஏற்றிச் செல்கிறது. அதில் உணவும் பானமும் கிடைக்கும் இடங்கள் இருபதுக்கும் மேல்.

பொதுவாக இத்தகைய கப்பல்களில் மூவகை உணவிடங்கள் உண்டு. குறித்த நேரத்தில் மேசைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவுக்கூடம் ஒன்று. தட்டை எடுத்துக்கொண்டு நாமே பரிமாறிக்கொள்ளும் பஃபே இரண்டாவது. தனிக் கட்டணம் வாங்கும் சிறப்பு உணவகங்கள் மூன்றாவது. முதலிரண்டும் பயணக் கட்டணத்தில் அடங்கும். இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணங்களில் சைவ உணவும், வெங்காயம் பூண்டு கிழங்கு சேராத சமண உணவும் கிடைக்கின்றன. பெயர்ப்பலகைகள் பலவாயினும், அரிசியும் காய்கறியும் பாலும் வந்துசேரும் கிடங்கு ஒன்றே. கப்பல் புறப்படும் துறைமுகத்தில் ஏற்றிய சரக்குதான் பயணம் முழுவதும் தட்டுக்கு வருகிறது. விளம்பரத் தாளில் உணவகங்களின் எண்ணிக்கையைக் காட்டுவார்கள், கிடங்கைக் காட்டுவதில்லை.

இதைச் சொன்னதும் ஆசிரியர் சற்று யோசித்து, "அப்படியானால் இது நம் மலையைப் போலத்தான்" என்றார். எழுபது கிலோமீட்டர் தொலைவில் திருப்பதியை வைத்துக்கொண்டு, கப்பலைப் பற்றி நாங்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம்!

உண்மையிலேயே திருமலை ஒரு கப்பல்தான். அங்கு உண்ணப்படும் அரிசி, பருப்பு, நெய், காய்கறி அனைத்தும் கீழிருந்து ஏறியாக வேண்டும். 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை மனிதரும் விலங்கும் சுமந்தே ஏற்றினர். 1974இல் இரண்டாவது பாதை வந்தது. மேலே சென்றுவிட்ட பக்தர், வரிசைக் கூடத்தில் அமர்ந்துவிட்டால், தரிசனம் முடியும்வரை எழுந்து சென்று விரும்பியதை வாங்கி உண்ண இயலாது. இறைச்சிக்கும் மதுவுக்கும் மலையில் இடமில்லை. கீழே திருப்பதி நகரில் இட்லிக் கடையிலிருந்து கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் தரும் ராயலசீமை உணவகம்வரை எல்லாம் உண்டு. மேலே தேர்வு குறுகிவிடுகிறது. தனியார் உணவகங்களும் இருக்கின்றன; ஆயினும் மிகப் பெருந்தொகையினர் உண்பது தேவஸ்தானம் இடும் அன்னத்தையே.

அதற்கு நெடிய வரலாறு உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பா, இளமையிலேயே கணவரை இழந்து, ஊராரின் பழிச்சொல்லைத் தாங்கி, திருமலைக்கு வந்து வாழ்ந்த தெலுங்குக் கவிஞர். மலையேறி வந்தவர்களுக்கு அன்னமும் நீரும் அளித்தவர் என்று அவரை அங்கே இன்றும் போற்றுகிறார்கள். 1985இல் தேவஸ்தானம் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டம், நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேருக்கு உணவு என்ற அளவில் தொடங்கியது. 2011 ஜூலையில், அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் திறந்து வைத்த புதிய அன்னப்பிரசாத மாளிகைக்கு வெங்கமாம்பாவின் பெயரே சூட்டப்பட்டது. அதில் நான்கு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் அமரலாம்.

ஒரு பந்தியை நாங்கள் கவனித்துப் பார்த்திருக்கிறோம். கதவு திறக்கிறது, கூட்டம் உள்ளே நுழைந்து வரிசை வரிசையாக அமர்கிறது. இலையில் நீர் தெளித்து முடிப்பதற்குள் சர்க்கரைப் பொங்கல் வந்துவிடுகிறது. பிறகு துவையல், கறி, சோறு, சாம்பார், ரசம், மோர். 2025 மார்ச் முதல் மசால் வடையும் சேர்ந்தது; அதிலும் வெங்காயமோ பூண்டோ இல்லை. பரிமாறுபவர்களில் பலர் விடுப்பெடுத்துக்கொண்டு தொண்டு செய்ய வந்தவர்கள். குனிந்து சோறு வைக்கும் கையைக் கண்டால், நேற்றுவரை எழுதுகோல் பிடித்த கை என்பது விளங்கும். ஒரு பந்தி எழுந்ததும் கூடம் துடைக்கப்பட்டு அடுத்த பந்தி அமர்கிறது. காய்கறிகளில் பெரும்பகுதியைத் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நன்கொடையாளர்கள் லாரியில் அனுப்பிவைக்கிறார்கள். 2002இல் அங்கே நிறுவப்பட்ட, 106 குழிவான எதிரொளிப்பான்களைக் கொண்ட சூரிய நீராவிச் சமையல் அமைப்பு அக்காலத்தில் உலகிலேயே பெரியது எனப்பட்டது.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். வீட்டுச் சமையலின் நுட்பம் அதில் இராது. சாம்பார் சில நாள் சற்று நீர்த்திருக்கும். ஆனால் சோறு சூடாக இருக்கும். எங்கள் கருத்தில் அந்தக் கூடத்தின் பெருஞ்சிறப்பு அதுவே. பதார்த்தங்கள் சில, உண்பவர் பல்லாயிரம், ஆகவே சமைத்தது எதுவும் காத்திருப்பதில்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் நோய்க்கிருமிகள் பெருகும் களம். ஐம்பது வகை அடுக்கிய பஃபே மேசை இந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பது, ஆறு வகை பரிமாறும் பந்தி காப்பதைவிடக் கடினமானது.

இந்த உணவு பக்தருக்கு இலவசம். ஆனால் செலவின்றி நடப்பதன்று. ஒரு நாள் அன்னப்பிரசாதம் முழுவதையும் ஏற்க விரும்பும் நன்கொடையாளர் 44 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேவஸ்தானம் அறிவித்துள்ளது. காலைச் சிற்றுண்டிக்கு 10 லட்சம். மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் தலா 17 லட்சம். அதற்குக் குறைந்த சிறு நன்கொடைகளும் ஏற்கப்படுகின்றன. அன்னப்பிரசாத அறக்கட்டளைக்கு வரும் நன்கொடைகளை தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளில் வைப்புத்தொகையாக இட்டு, அதன் வட்டியைக் கொண்டு அன்னமிடுவது திட்டத்தின் அமைப்பு. வைப்புத்தொகைச் சான்றிதழை அன்றாடம் கையாளும் எங்களுக்கு, அத்தாளின் மறுபக்கத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதாகத் தோன்றியதுண்டு.

இலவச அன்னத்தில் இல்லாத சோதனை, விலை கொடுத்து வாங்கும் லட்டில் வந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

2009இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டுக்குக் கட்டுக்கோப்பான அளவு உண்டு. வெளியிடப்பட்டுள்ள அளவுப்படி 5,100 லட்டுகளுக்குக் கடலை மாவு 180 கிலோ, நெய் 165 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர் திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. ஒரு லட்டுக்கு 32 கிராம் நெய் சேர்கிறது. நாளொன்றுக்கு மூன்று லட்சம் லட்டு என்று கொண்டால், தேவைப்படும் நெய் ஏறத்தாழ 9,700 கிலோ.

2024 செப்டம்பரில் இந்த நெய்யில் கலப்படம் என்ற குற்றச்சாட்டு எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. வழக்கின் உட்கூறுகள் நீதிமன்றத்திற்கு உரியவை. அவற்றுள் நாங்கள் நுழையவில்லை. எங்கள் கவனத்தைக் கவர்ந்தது, அன்று தேவஸ்தானத்தின் செயல் அலுவலர் வெளிப்படையாகக் கூறிய இரண்டு செய்திகள். நெய், கிலோ 320 ரூபாய் முதல் 411 ரூபாய் வரையிலான விலையில் வாங்கப்பட்டது. அவ்விலைக்குத் தூய நெய் கட்டுப்படியாகாது. இரண்டாவது, கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வகம் தேவஸ்தானத்திடம் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்பு என்று வைத்தால், ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பால் வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலை விற்றுச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். அப்படியும் 320 ரூபாய் என்பது, மாடு வைத்திருக்கும் சித்தூர்க் குடும்பம் எதையும் புருவம் உயர்த்தச் செய்யும் விலை. பாலுக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தின் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது என்பதையும் இங்கே பெருமூச்சோடு நினைத்துக்கொள்கிறோம். பிறகு கர்நாடகக் கூட்டுறவுப் பால் இணையத்திடமிருந்து நெய் வாங்கியபோது விலை கிலோ 475 ரூபாய் என்று செய்திகள் வந்தன. 320க்கும் 475க்கும் உள்ள வேறுபாடு, ஒரு லட்டுக்கு ஐந்து ரூபாய். மூன்று லட்சம் லட்டுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லட்சம். கொள்முதல் மேசையில் அமர்ந்திருப்பவருக்கு இது பெரிய சேமிப்பாகத் தெரியும். ஐம்பது ரூபாய் கொடுத்து லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்பவருக்கோ அந்த ஐந்து ரூபாயைக் கூடுதலாகத் தருவதில் எந்த வருத்தமும் இராது. ஆனால் அவரிடம் எவரும் கேட்பதில்லை. தேசியப் பால்வள வாரியத்தின் நன்கொடையாக நெய்யைச் சோதிக்கும் கருவிகள் பின்னர் மலைக்கு வந்துசேர்ந்தன.

இப்போது ஆசிரியரின் கப்பலுக்குத் திரும்புவோம். கிடங்கில் நடப்பதைப் பயணி பார்க்க முடியாது. பார்க்கக்கூடிய வேறொருவர் பார்க்கிறாரா என்பதைத்தான் அவர் விசாரிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் கப்பல்களை அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. 1970களில் தொடங்கிய இத்திட்டத்தில் நூற்றுக்கு மதிப்பெண் அளிக்கிறார்கள்; 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தேர்ச்சியில்லை. கப்பலின் பெயரோடு மதிப்பெண்ணை இணையத்தில் யாரும் காணலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் அழைத்துச் செல்லும் கப்பலுக்கு இது பயன்படும். சென்னையிலிருந்தே புறப்பட்டுத் திரும்பும் கப்பலுக்கு இது பொருந்தாது. நம் நாட்டு உணவகங்களில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கண்ணில் படுமாறு வைக்க வேண்டும். அதைத் தேடிப் பார்ப்பது தவறன்று.

பஃபேயைத் திறந்தவுடன் உண்ணுங்கள் என்றோம் ஆசிரியரிடம். மூடும் நேரத்தில் எஞ்சியிருப்பது நெடுநேரம் காத்திருந்த உணவு. சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்கவில்லையெனில் தாண்டிச் செல்லலாம். மேசைக்கு வந்து பரிமாறும் கூடம், வரிசை நீண்டாலும், மேலானது. நீரிழிவோ உப்புக் கட்டுப்பாடோ உள்ளவர்கள் அதைக் கப்பலில் ஏறிய பின் சொல்வதைவிடப் பதிவின்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. கை கழுவுவதைப் பற்றி ஓர் ஆசிரியருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை; ஆனால் கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் நோரோ வைரசு என்னும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கிருமிநாசினித் திரவம் போதாது, சோப்பும் நீரும் வேண்டும் என்பதை மட்டும் சொன்னோம்.

கட்டணத்தையும் பார்த்தோம். அவர் கையிலிருந்த தாளில் 'உணவு உட்பட' என்றிருந்தது. சிறப்பு உணவகமும், குளிர்பானங்கள் பலவும் அதில் அடங்கவில்லை என்பது பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருந்தது. கப்பலில் செய்யும் செலவெல்லாம் அறைக் கணக்கில் ஏறி, இறங்கும் நாளில் ஒரே தொகையாக வரும். ஆகவே ஒவ்வொரு நாள் இரவும் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு கூறினோம். வங்கிக்காரர்களின் பழக்கம், மன்னிக்க வேண்டும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய துணைவியார், முதன்முறையாக வாய் திறந்தார். "ஒரு பாட்டிலில் புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம்தானே?"

வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் உள்ளே அனுமதிப்பதில்லை என்று தயக்கத்தோடு சொன்னோம். அவர் சற்றும் கலங்கவில்லை.

"அப்படியானால் சென்னை போகும் பஸ்ஸிலேயே சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்" என்றார்.