நாய்க்கு முழங்கால் ஆபரேஷன்: மூட்டு சப்ளிமென்ட் உதவுமா?

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் நாய்க்கு முழங்கால் ஆபரேஷன் முடிச்சாச்சு. வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி: ‘சீக்கிரம் நடக்க என்ன கொடுக்கலாம்?’ ஆன்லைனில் தேடினால் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின், மீன் எண்ணெய் என வரிசையாக டப்பாக்கள். எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆபரேஷனில் என்ன நடக்கிறது?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் தசைநார் கிழிவதுதான் பெரும்பாலும் காரணம். லாப்ரடார், ராட்வைலர் போன்ற கனமான இனங்களில் இது அதிகம். பெரிய நாய்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் ‘டிபிஎல்ஓ’ முறையில், கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை அறுத்துத் திருப்பி, பிளேட், ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவார்கள். அந்த எலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூட்டு சப்ளிமென்ட் அதற்கான மருந்து அல்ல.

அப்புறம் எதற்கு சப்ளிமென்ட்?

ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும், அந்த மூட்டில் தேய்மானம் நிற்பதில்லை. அதன் வலியைக் குறைக்கத்தான் இவை விற்கப்படுகின்றன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நாய், பூனைகளின் மூட்டுத் தேய்மானம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. ஒமேகா-3 வலியைக் குறைப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதிகம் விற்கும் குளுக்கோசமைன்-காண்ட்ராய்ட்டினை வலிக்குப் பரிந்துரைக்கத் தேவையில்லை என்றது அது. ஒமேகா-3 கூட மெதுவாகத்தான் வேலை செய்யும். டாக்டர் எழுதிய வலி மாத்திரைக்கு மாற்று ஆகாது.

மெடிக்கலில் மீன் எண்ணெய் வாங்கலாமா?

நாயின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், எடையும் ஏறும். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம் என்பதால் அளவு மீறினால் ஆபத்து.

ஆட்டுக்கால் சூப்?

வெங்காயம், பூண்டு சேர்த்த சூப் வேண்டவே வேண்டாம். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அப்போ காலைத் தேற்றுவது எது?

முதலில், ஓய்வு. டாக்டர் சொல்லும்வரை ஓட்டம், மாடிப்படி, சோபாவில் தாவுவது எல்லாம் கட். சிறுநீர் கழிக்க வெளியே போனாலும் கயிறு வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்காத மேட் அல்லது சாக்கு விரியுங்கள்.

இரண்டாவது, எடை. ஓடாத நாய்க்குப் பழைய அளவே சோறு வைத்தால் அது கொழுப்பாகத்தான் சேரும். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், 25% குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. ஒரு கால் தசைநார் கிழிந்த நாய்களில் கணிசமானவற்றுக்கு மறுகாலும் கிழிவதால், எடைதான் பெரிய கவலை. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் அவ்வப்போது எடை பாருங்கள்.

எப்போது உடனே ஓடணும்?

ஊன்றிய காலை மறுபடி தூக்கினால், தையலில் வீக்கமோ சீழோ தெரிந்தால், சாப்பாட்டை மறுத்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை வலி தாங்கட்டும் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரைகள் நாயின் உயிருக்கே உலை வைக்கும்.