மஃரிபுக்குப் பின் எரியும் விளக்குகள்

சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வருகிறது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதற்காக யார் என்ன கொடுக்கிறார்கள் என்று என்றாவது யோசித்ததுண்டா?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் கரையில் சம்பூர் என்றொரு ஊர் இருக்கிறது. எங்கள் மூதூருக்குப் பக்கத்து ஊர். 2006 ஆம் ஆண்டு யுத்தத்தில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களிற் பலர் மீண்டும் தம் மண்ணை மிதிக்க 2015 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் முகாம்களில் இருந்த காலத்திலேயே, அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்கு இந்தியாவின் தேசிய அனல் மின் நிறுவனத்துடன் இலங்கை மின்சார சபை 2011 இல் கூட்டுச் சேர்ந்தது. நிலக்கரிச் சாம்பல் எங்கே போகும், குடாக் கடலின் மீன் என்னாகும் என்று கேள்விகள் எழுந்தன. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2016 செப்டம்பரில், அந்த நிலையம் சம்பூரில் கட்டப்படமாட்டாது என்று அரசாங்கம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. நிலக்கரி விலகிய இடத்துக்குச் சூரிய ஒளி வந்தது. 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் வேலைகளை 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் தொடக்கி வைத்தார்கள்.

“அப்படியானால் இனிக் கவலை இல்லையே, ஹஸரத்!” என்று நீங்கள் சொல்லக்கூடும். அங்கேதான் ஒரு சிக்கல். சூரியன் மறைந்தால் சூரிய மின்சாரமும் நின்றுவிடும். மின்கலங்களில் சேமித்து வைத்தாலன்றி அது இரவுக்கு உதவாது. நாமோ மஃரிபுக்குத்தான் விளக்கேற்றுகிறோம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரத்தை மின்கட்டண அட்டவணைகளில் உச்ச நேரம் என்று குறித்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பதும், உம்மா அடுக்களையில் நிற்பதும், இஷாவுக்குப் பள்ளிவாசல் நிறைவதும் அந்நேரம்தான். அந்த நான்கு மணி நேரத் தேவைக்கும் எண்ணெய் நிலையங்களையும் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தையும் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் வாங்கக் காசில்லாமற் போனதும் என்ன நடந்தது? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். பழைய குண்டு பல்ப் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவுதான் வெளிச்சமாகிறது, மற்றதெல்லாம் சூடு. உண்மையில் அது கொஞ்சம் வெளிச்சமும் தரும் ஓர் அடுப்பு! 60 வாட் குண்டு பல்ப் தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் தந்துவிடும். நான்கு குண்டு பல்ப் தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 36 அலகு. அதே நான்கு இடத்திலும் எல்.ஈ.டி. போட்டால் ஐந்தரை அலகு கூட வராது. மீதியாவது 30 அலகு. நிலக்கரியாகச் சொன்னால் பன்னிரண்டு கிலோ அளவில் எரிக்காமல் மிஞ்சும்.

இதில் சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணம். அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். நிலைக் கட்டணமும் ஏறிவிடும். 85 அலகு பாவிக்கும் ஒரு வீடு குண்டு பல்ப் நான்கை மாற்றினால் 55 க்கு இறங்கிவிடும். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இந்த 60 என்ற வரம்பு மாறாமல் நிற்கிறது. மாத நடுவில் ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். பில் வந்த பிறகு வாப்பாவும் உம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்வதைவிட இது எளிது.

தூங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். திரியை எலி இழுத்துச் சென்று வீட்டுக்குத் தீ வைத்துவிடும் என்ற பயம் அன்றைக்கு. இன்று எலிக்குத் திரி இல்லை. ஆனால் ஆளில்லாத அறையில் விடியவிடிய விளக்கு எரிவது வீண்விரயம் அல்லாமல் வேறென்ன? எல்.ஈ.டி.தானே, எரியட்டும் என்று விடுவோரும் இருக்கிறார்கள். சிக்கனமான பல்ப் வாங்கி இரட்டிப்பு நேரம் எரித்தால் மிச்சம் குறைந்துவிடும்.

பல வீடுகளில் இன்னும் சுருள் வடிவச் சீ.எஃப்.எல். பல்ப் எரிகிறது. குண்டு பல்புக்கு அது எவ்வளவோ மேல்தான். ஆனால் அதனுள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022 இல் கூடி, வீட்டுப் பாவனைக்குரிய இவ்வகைப் பல்புகளை 2025 ஆம் ஆண்டுக்குப் பின் தயாரிப்பதோ இறக்குமதி செய்வதோ கூடாதென முடிவெடுத்தன. நன்றாக எரிவதைப் பிடுங்கி எறிய வேண்டாம், பழுதானதும் எல்.ஈ.டி.க்கு மாறுங்கள். கைதவறி உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னல்களைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் அறையை விட்டு விலகி இருங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூள் பரவும். தடித்த அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள். பழுதான பல்பைக் கிணற்றடியிலோ கடற்கரையிலோ வீசுவதை மட்டும் செய்யாதீர்கள். பாதரசம் நீரில் சேர்ந்தால் மீன் வழியாக நம் சட்டிக்கே வந்துவிடும்.

கடையில் வாட்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பெட்டியில் லூமன் என்று எழுதியிருப்பதுதான் வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட்டுக்கு ஈடாக 800 லூமன் அளவில் இருக்க வேண்டும். கெல்வின் என்ற எண் 2700 அல்லது 3000 என்றிருந்தால் மஞ்சள் சாயல், 6500 என்றால் பால் வெள்ளை. படுக்கையறைக்கு மஞ்சள் நல்லது. பிள்ளைகள் ஓதும், படிக்கும் மேசைக்கும் அடுக்களைக்கும் வெள்ளை. உத்தரவாதம் எழுதித் தராத மலிவுப் பல்புகள் நடைபாதையில் நிறையக் கிடைக்கும். ஆறு மாதத்தில் கண் சிமிட்டத் தொடங்கினால் சேமித்தது அதிலேயே போய்விடும். காற்றுப் புகாத கண்ணாடி மூடிக்குள் எல்.ஈ.டி.யைப் பூட்டாதீர்கள், சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் காசில்லையா? அதிக நேரம் எரியும் அடுக்களை விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.