மேட்டுக்கு அடியில் ஒரு குளம்

மழை விட்ட மறுநாள் காலையில் காரில் ஏறி உட்காருறீங்க. காலை வைத்ததும் 'சொத'ன்னு ஒரு சத்தம். மேட்டைத் தூக்கினால் அடியில் குட்டிக் குளம், கூடவே நனைந்த சாக்கு நாற்றம். வீட்டில் பழைய கார் இருக்கிறவங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

எங்க வீட்டில் இருப்பது மாருதி 800. 1983-இல் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற கார். கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. எங்களுடையது அதைவிட மூத்தது. அதில் தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மழைக்காலம் ஆச்சு. உங்க வீட்டில் வேறு கார் இருந்தாலும் தேடும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கோங்க. தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. பரப்பு இழுவிசை காரணமாகத் தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஓடும், வயர் மேல் வழுக்கிப் போகும், இரண்டு தகடு சேரும் இடுக்கில் நுண்புழை ஏற்றத்தால் மேலேகூட ஏறும். எங்கே ஒரு வளைவோ நுனியோ கிடைக்குதோ அங்கேதான் விழும். அதனால் ஈரமான இடத்தைப் பார்த்ததும் சிலிக்கான் டியூபைத் தூக்காதீங்க. அது நோயைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிற வேலை.

அது மழைத்தண்ணீர்தானா என்பதே அடுத்த கேள்வி. வெயில் நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு, முன்சீட்டின் இடது பக்கக் கால்மாட்டில் மட்டும் ஈரம் இருந்தால் சந்தேகம் ஏசி வடிகுழாய் மேல். குளிர்ந்த எவாப்பரேட்டரில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகி, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டணும். புழுக்கமான நாளில் இருபது நிமிஷம் ஏசி ஓடியும் கீழே ஒரு சொட்டுகூட இல்லைன்னா குழாயில் தூசி அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. அதுவே பச்சையோ சிவப்போ நிறமாக, பிசுபிசுப்பாக, இனிப்பான வாசனையோடு இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் இருக்கிற வண்டியில் அதன் உள்ரேடியேட்டர் கசியும்போது இப்படி வரும். விரலால் தொட்டுப் பார்க்கலாம். நாக்கில் மட்டும் வைக்காதீங்க, எத்திலீன் கிளைக்கால் விஷம். வண்டியை நேராக மெக்கானிக்கிடம் விடுங்க.

இது இரண்டும் இல்லைன்னா மழைதான். வைப்பருக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் சல்லடை மாதிரி ஒரு பகுதி இருக்கும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் அதற்குள் போய், இரு ஓரமும் உள்ள வடிகால் வழியாக வெளியேறணும். காருக்குள் வரும் வெளிக்காற்றும் இதன் வழியாகத்தான் வருது. வேப்பமரத்தடியில் நிறுத்துற வண்டியா? அப்போ வடிகாலில் இலையும் பூவும் சேர்ந்து மக்கி, சேறாகி அடைத்திருக்கும். நீர்மட்டம் ஏறி, காற்று வழியாகவே தண்ணீர் உள்ளே கொட்டும். கையால் அள்ளி எடுத்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் வடியுதான்னு பாருங்க. செலவே இல்லாத இந்த வேலையைத்தான் பலர் கடைசியில் செய்றாங்க.

இப்போ கதவுக்கு வருவோம். எங்க இரண்டு வருஷத்தைத் தின்றது இதுதான். கதவுக்குள் தண்ணீர் போகவே கூடாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். அது தப்பு. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கில் இருக்கும் ரப்பர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் மழையை முழுசாகத் தடுக்காது. தடுக்கணும்னு யாரும் அதை வடிவமைக்கவும் இல்லை. தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ரோட்டில் விழும். உள்பக்கம் வராமல் காப்பது, கதவு அட்டைக்குப் பின்னால் தகரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பாலித்தீன் ஷீட். அதன் கீழ் ஓரத்தைக் கதவுத் தகரத்தின் வெட்டுக்குள் சொருகி வைத்திருப்பாங்க, மேலே தெறிக்கும் தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழட்டும்னு. ஷீட் கிழிந்தால் தண்ணீர் அட்டையை நனைத்து, அப்படியே கார்ப்பெட்டில் இறங்கிவிடும். வெளியே எந்த ரப்பரை மாற்றினாலும் இது நிற்காது. ஏன்னா அந்த ரப்பரைத் தாண்டித்தான் தண்ணீர் உள்ளே வந்திருக்கு.

எங்க வண்டியில் அந்த ஷீட்டைக் கிழித்தது நான்தான். செகண்ட் இயர் லீவில் ஸ்பீக்கர் மாட்டும் ஆர்வத்தில் கையால் பிய்த்துத் தூக்கிப் போட்டேன். ஏதோ பேக்கிங் கவர்னு நினைப்பு. அந்த மழையில் தண்ணீர் வந்ததும் அப்பா முன்கண்ணாடியைச் சந்தேகப்பட்டு, ஒரு கடையில் காசு கொடுத்து பேஸ்ட் அடித்தார். அடுத்த வருஷம் மறுபடியும் அடித்தார். எனக்கு அப்போதும் உறைக்கலை.

உங்க கதவைச் சோதிக்கணும்னா அட்டையின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்க. ஊதிப்போய், கறை படிந்திருந்தால் ஷீட் போயிருக்கு. பிரேக் அடிக்கும்போது கதவுக்குள் 'சளக் சளக்'னு கேட்டால் அடி ஓட்டை அடைத்திருக்கு. ஒரு குச்சியால் குத்தினால் போதும், கம்பியால் பெயின்ட்டைச் சுரண்டாதீங்க. புது ஷீட்டுக்குத் தடிமனான பாலித்தீனும் பியூட்டைல் டேப்பும் போதும். பழையதை வைத்தே அளவு வெட்டலாம். கீழ் ஓரத்தை உள்ளே சொருக மறந்தால் செய்த வேலை வீண்.

சந்தேகம் இன்னும் தீரலைன்னா ஹோஸ் டெஸ்ட். வண்டியை நன்றாகக் காயவைத்து, கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, உள்ளே டார்ச்சோடு ஒருத்தரை உட்கார வையுங்க. உள்தகரத்தில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலே போகணும். மேலிருந்து ஆரம்பித்தால் ஒரே நேரத்தில் எல்லா இடமும் நனைந்துவிடும், குற்றவாளி கிடைக்கமாட்டான். ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிஷமாவது கொடுங்க, தண்ணீர் மெதுவாக வழியட்டும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் நல்ல ரப்பருக்குள்ளும் தண்ணீர் புகும். கதவு ரப்பருக்கு இன்னொரு சோதனை: பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்க. சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. ரப்பரை மாற்றும் முன், கதவு தொங்கியிருக்கான்னு கீலைப் பாருங்க.

வயர்கள் எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரும் ஓட்டைகளின் ரப்பர் வளையங்களையும், டிக்கி ஈரமானால் பின் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட்டையும் விட்டுடாதீங்க.

மாருதி 800-இல் முன்கண்ணாடி ஒரு ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ரப்பர் இறுகி, கீழ் மூலைகளில் வெடிக்கும். சின்னக் கசிவுக்குக் கண்ணாடிக்கென்றே விற்கும் இறுகாத பேஸ்ட் உதவும். பாத்ரூமுக்கு வாங்கிய சிலிக்கான் வேண்டாம். வினிகர் வாசனை வருதே, அது இறுகும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம். தகரத்தில் துருவை வேகப்படுத்தும். ரப்பர் பிடிக்கும் தகர விளிம்பே துருப்பிடித்திருந்தால் எந்த பேஸ்ட்டும் நிற்காது. கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, புது ரப்பர் போடணும். ஒட்டுப் பசையில் நிற்கும் கண்ணாடி உள்ள புது மாடல்களில் இதை நீங்களா முயற்சி செய்யாதீங்க.

கசிவு அடைந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீங்க. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் அட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் தகரம் மாசக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். முழுசாக வெளியே எடுத்து வெயிலில் போடுங்க. பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தரையை இடம் இடமாகத் தட்டுங்க. 'டங்'னு கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால், தகரம் உள்வாங்கினால் துரு தின்றிருக்கு. சீட் போல்ட், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடங்களை இரண்டு தடவை பாருங்க. அங்கே எம்-சீலோ ஃபைபர் ஒட்டோ போட்டு மறைக்காதீங்க. விபத்தில் உடம்பின் மொத்த விசையையும் தாங்குவது அந்தப் போல்ட்டுதான். டிங்கரிடம் கொடுத்துத் தகரம் வெட்டி வெல்டிங் செய்யணும்.

எங்க வண்டியில் டிரைவர் சீட்டின் முன் போல்ட்டுக்குப் பக்கத்தில் தட்டினேன். ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிடுச்சு. ஓட்டை வழியாக வாசல் தரை தெரிந்தது. அந்த சீட்டில் உட்கார்ந்துதான் அப்பா தினமும் பைபாஸில் வேலைக்குப் போய்வந்தார். அன்றைக்குத்தான் ஸ்பீக்கர் கதையை அவரிடம் சொன்னேன். திட்டலை. "டிங்கரிடம் நீயும் வா, கூட நின்னு பாரு"ன்னு மட்டும் சொன்னார்.

வெல்டிங் முடிந்து, பெயின்ட் காய்ந்ததும் கார்ப்பெட்டை உடனே போட்டுவிடாதீங்க. ஒரு நல்ல மழை வரும்வரை வெறும் தகரத்தில் காய்ந்த நியூஸ்பேப்பரை விரித்து வையுங்க. நனைந்தால் எந்தப் பக்கம்னு அதுவே காட்டிவிடும். எங்க வண்டியில் நான்காம் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் அப்பா பேப்பரை எடுத்துத் தடவிப் பார்த்தார். அப்புறம் வாசல்படியில் உட்கார்ந்து, அதில் இருந்த போன வாரச் செய்தியைப் படிக்க ஆரம்பிச்சார்.