கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்... பஞ்சு மிட்டாய் மெஷினின் சூட்டு ரகசியம்!

திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகள் சட்டென நின்றுவிடும் இடம், பஞ்சு மிட்டாய் மெஷின். ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டதும் மேகம் போல நூல் கிளம்பும். பார்க்க மேஜிக் மாதிரி இருந்தாலும், அதன் பின்னால் இருப்பது சூடும் சுழற்சியும்தான்.

இந்த மெஷினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த வில்லியம் மோரிசன்தான் அவர். மிட்டாய் தயாரிப்பாளர் ஜான் வார்ட்டனுடன் சேர்ந்து 1897-ல் இதை உருவாக்கினார். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இது பெரும் வரவேற்பைப் பெற்றது.

எப்படி வேலை செய்கிறது?

மெஷினின் நடுவில் இருக்கும் சிறிய கிண்ணம், சூடாகிக்கொண்டே வேகமாகச் சுற்றும். சர்க்கரை உருகி, நுண்ணிய துளைகள் வழியே வெளியே வீசப்படும். காற்று பட்டதும் அது இறுகி நூலாகும். அதைக் குச்சியில் சுற்றினால் பஞ்சு மிட்டாய் ரெடி.

சூடுதான் எல்லாமே!

சர்க்கரை உருகுவது சுமார் 186 டிகிரி செல்சியஸில். ஆனால், அந்தச் சூட்டை ஒட்டியே அது பழுப்பேறவும் தொடங்கிவிடும். அதனால் இடைவெளி மிகக் குறைவு.

* சூடு குறைந்தால், நூல் வராது. சர்க்கரை மணல் போலச் சிதறும்.
* சூடு கூடினால், புகை வரும், கருகல் வாசனை அடிக்கும், நூல் மஞ்சளாகும். கருகிய சர்க்கரை துளைகளையும் அடைத்துவிடும்.

எனவே, முதலில் காலியாகவே சில நிமிடங்கள் சூடேற்ற வேண்டும். சர்க்கரை போட்டு நூல் வரத் தொடங்கியதும், ரெகுலேட்டரையோ கேஸ் அடுப்பின் தீயையோ மெல்லக் குறைக்க வேண்டும். பொடித்த சர்க்கரை உருகும் முன்பே பறந்துவிடும் என்பதால், ஈரமில்லாத பெரிய பரல் சர்க்கரையே நல்லது. வேலை முடிந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் சர்க்கரை முழுவதும் வெளியேறிய பிறகே அணைக்க வேண்டும்.

உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். எனவே, குழந்தைகளை மெஷினிலிருந்து தள்ளியே நிறுத்துங்கள்.

நிறம் எதற்கு?

2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், அடுத்து தமிழ்நாடும் ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தன. அது துணிகளுக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. நிறத்தைப் பார்த்து மட்டுமே எது என்ன சாயம் என்று வாங்குபவரால் சொல்ல முடியாது.

சாயம் சேர்க்காத பஞ்சு மிட்டாய் வெள்ளையாக இருக்கும். இனிப்பு துளியும் குறையாது. இன்னொரு வசதியும் உண்டு. சூடு கூடிக் கருகினால், வெள்ளை நூல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அடர் ரோஸ் நிறத்தில் அது தெரியாது.

அடுத்த முறை உங்கள் குட்டி அடம்பிடித்தால், வெள்ளைப் பஞ்சு மிட்டாயாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவர் பல் டாக்டராகவே இருந்தாலும், சர்க்கரை சர்க்கரைதானே!