ஆறாவது கியருக்கு நீங்க கொடுக்கப்போற உண்மையான விலை

நைட் பதினொரு மணிக்கு எஸ்ஐபி பத்தி வீடியோ பாக்கலாம்னு யூடியூப் திறந்து, ஒரு மணிக்கு யாரோ ஒருத்தர் கார் ஷெட்ல கியர் பாக்ஸ் இறக்குறதைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். நானும் அந்தக் கேஸ்தான். ஆனா அப்படிப் பாத்த ஒரு விஷயம், பணம் பத்தி நான் பேசின பல வீடியோவை விட நல்ல பாடம். அதான் இன்னைக்கு எழுதுறேன்.

கார் பேரு மஸ்டா மியாட்டா. 1989 சிகாகோ ஆட்டோ ஷோவுல வந்த ரெண்டு சீட்டு ஓப்பன் டாப் கார். மஸ்டான்னா நம்ம ஊர்ல சுவராஜ் மஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். இந்தக் காரை அவங்க இங்க வித்ததே இல்ல. அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் இதுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. முதல் தலைமுறையை ரசிகர்கள் என்ஏ-ன்னு சொல்வாங்க, 1998-ல இருந்து வந்த ரெண்டாவதை என்பி. என்ஏ-ல மேனுவல்னா 5 கியர்தான். 1999-ல பத்தாவது ஆண்டுக்காக 7,500 கார் மட்டும் ஸ்பெஷலா விட்டாங்க, அதுல முதல் தடவையா 6 கியர் வந்துச்சு. அதே ஐசின் கம்பெனி கியர் பாக்ஸ் குடும்பம்தான் டொயோட்டா ஆல்டெஸாவுலயும், நிஸான் சில்வியா எஸ்15-லயும் இருந்தது.

இப்ப கதைக்கு வருவோம். 1990 மாடல், 1.6 லிட்டர் என்ஜின் என்ஏ ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு வச்சுக்குங்க. செகண்ட் கியர் போடும்போது கரகரன்னு சத்தம். என்பி-யோட 6-ஸ்பீடு பாக்ஸ் என்ஏ என்ஜின்லயும் மாட்டும். பழைய வண்டி உடைக்கிற கடையில ஒண்ணு நல்ல விலைக்குக் கிடைக்குது. எப்படியும் பாக்ஸை இறக்கணும், இறக்குறதுதான் இறக்குறோம், ஆறு கியராவே போட்டுடலாமே? ஹைவேல என்ஜின் அமைதியா ஓடும், பெட்ரோலும் மிச்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு.

கொஞ்சம் கால்குலேட்டரை எடுங்க. 5-ஸ்பீடு பாக்ஸ்ல டாப் கியர் விகிதம் 0.814. 6-ஸ்பீடுல டாப் கியர் 0.843. இந்த எண் குறையக் குறைய என்ஜின் மெதுவா சுத்தும். அப்போ ஆறாவது கியர், பழைய அஞ்சாவது கியரை விட என்ஜினை *அதிகமா* சுத்த வைக்குது! அதுவும் போக, கியர் பாக்ஸ் எண் தனியா ஒண்ணும் சொல்லாது. பின்னாடி டிஃபரென்ஷியல்ல இருக்கிற விகிதத்தோட பெருக்கினாத்தான் கணக்கு முடியும். 1.6 என்ஏ-ல அது 4.3. பெருக்கிப் பாருங்க: பழைய பாக்ஸ்ல 3.50, புது பாக்ஸ்ல 3.62. அந்தக் காரோட ஒரிஜினல் டயர் அளவுல 100 கிலோமீட்டர் வேகத்துக்கு, முன்னாடி சுமார் 3,215 ஆர்பிஎம்ல ஓடின என்ஜின் இப்ப 3,330-ல கத்தும். ஒரு கியரைக் கூட்டி, சத்தத்தையும் கூட்டிக்கிட்டோம்.

ஃபர்ஸ்ட் கியர் இன்னும் மோசம். 3.136 இருந்த இடத்துல 3.760. 7,000 ஆர்பிஎம் வரை இழுத்தா முன்னாடி 56 கிலோமீட்டர் வேகம் தொடும். இப்ப 47-லயே செகண்ட் மாத்தணும். சிக்னல்ல கிளம்பின உடனே கை கியர் ராடுக்குப் போயிடும்.

மஸ்டாக்காரங்க முட்டாள் இல்ல. 6-ஸ்பீடு போட்ட காருக்கு அவங்க பின்னாடி 3.909 விகிதம் வச்சாங்க. அதோட பெருக்கினா 3.30 வரும், 100-ல சுமார் 3,030 ஆர்பிஎம். நாம ஆசைப்பட்ட அமைதி அங்கதான் இருக்கு. அப்ப அந்த டிஃபரென்ஷியலும் வேணும். ஆனா 1.6 காரோட டிஃபரென்ஷியல் சின்ன சைஸ், 3.909 வர்றது பெரிய சைஸ். பெருசைப் போட்டா 1.8 லிட்டர் காரோட ஆக்சில் ஷாஃப்டும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் கூடவே வாங்கணும். அடுத்து ஸ்பீடோமீட்டர். என்ஏ-ல அது கியர் பாக்ஸ்ல இருந்து கேபிள் வழியா ஓடுது. என்பி-ல எலெக்ட்ரானிக் சென்சார். பழைய பாக்ஸ்ல இருக்கிற கேபிள் கியரைக் கழட்டி இதுல மாத்தணும். அதையும் 3.909-க்குச் சரியான பல் எண்ணிக்கை பாத்துப் போடலைன்னா, நீங்க நிஜமா 100-ல போகும்போது மீட்டர் 91 காட்டும். போலீஸ் ஃபைன் யார் கணக்கு?

பாக்ஸ் கீழ இறங்கியாச்சுன்னா கிளட்ச் பிளேட், ப்ரெஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், என்ஜின் பின்பக்க ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்தாம மேல ஏத்துறது புத்திசாலித்தனம் இல்ல. லேபர் ரெண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பாட்டி சொல்றது இதைத்தான். நான் இதை அங்குசம் வாங்கப் போய் யானையோட திரும்பின கதைன்னு சொல்வேன்.

முதல்ல என்ன உடைஞ்சிருக்குன்னு பாருங்க

இந்தக் கார்ல கிளட்சை இயக்குற ஸ்லேவ் சிலிண்டர் கசியுறது ரொம்ப சகஜம். சின்ன பார்ட், கையில கொஞ்சம் அழுக்கு பட்டா வீட்லயே மாத்தலாம். அது கசிஞ்சா கிளட்ச் முழுசா விடாது, கியர் கரகரக்கும். ஆளுங்க கியர் பாக்ஸ் போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க! அடுத்தது, கியர் ராடுக்கு அடியில இருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு, அங்க ஊத்தி வச்ச ஆயில் வத்திப் போயிருக்கும். கடைசியா கியர் ஆயில். பித்தளை சின்க்ரோ ரிங் இருக்கிற பாக்ஸ்ல ஜிஎல்-4 வகைதான் பாதுகாப்பு. இதெல்லாம் பாத்தும் சத்தம் நிக்கலைன்னா, என்ஏ-வோ என்பி-யோ, இன்னொரு 5-ஸ்பீடு பாக்ஸ் அப்படியே மாட்டும். பின்னாடி எதையும் தொட வேணாம்.

இப்ப உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க. சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

கோயம்புத்தூர்ல 6 லட்சம் சிடிசி, பேசிக் 3 லட்சம். கம்பெனி போடுற பிஎஃப் 36,000, நீங்க போடுறது 36,000. மாசம் கைக்கு வர்றது 44,000. பெங்களூர்ல 7.5 லட்சம் ஆஃபர், 25% ஹைக்! லெட்டரைப் பிரிச்சுப் பாத்தா, பேசிக் 3.75 லட்சம், வேரியபிள் 75,000, கிராஜுவிட்டி 4.81% அதாவது 18,000 சொச்சம், கம்பெனி பிஎஃப் 45,000, எல்லாமே அந்த 7.5-க்குள்ளதான். உங்க பிஎஃப் 45,000 போனா மாசம் கைக்கு 47,250 பக்கம். புரொஃபஷனல் டாக்ஸ் வேற. பிஎஃப் உங்க பணம்தான், எங்கயும் போகல, ஒத்துக்கறேன். வேரியபிளும் முழுசா வரலாம். ஆனா மாச பட்ஜெட்டுக்கு வந்தது 3,250 ரூபாய். பெங்களூர் ரூம் வாடகையும் அட்வான்ஸும் விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க, மிச்சம் எவ்வளவுன்னு. சிடிசி கியர் பாக்ஸ்னா, நீங்க இருக்கப்போற ஊர் டிஃபரென்ஷியல். பெருக்காம கையெழுத்துப் போடாதீங்க.

6-ஸ்பீடு வேஸ்ட்னு நான் சொல்லல. டர்போ போட்டு பவர் ஏத்துறவங்களுக்கு அது உறுதியான பாக்ஸ். 2004, 2005-ல மஸ்டாவே தன் டர்போ மியாட்டாவுல 6-ஸ்பீடுதான் போட்டுச்சு, பின்னாடி 4.1 விகிதத்தோட. ரேஸ் ட்ராக்ல ஓட்டுறவங்களுக்கும் கியருக்குக் கியர் இடைவெளி குறைவா இருக்கிறது லாபம்தான். அவங்களுக்கு எது வேணும்னு தெரியும், முழு லிஸ்ட்டோட விலையும் தெரியும். ஆபீஸ் போய்ட்டு வர்ற 1.6 காருக்கு, மனசைத் தொட்டுச் சொல்றேன், ஸ்லேவ் சிலிண்டரும் நல்ல ஆயிலும் போதும்.

நீங்க இப்ப மாத்தணும்னு யோசிக்கிறது வண்டியா, போனா, வேலையா, எதுவா இருந்தாலும் இன்னைக்கு நைட் ஒரு பேப்பர்ல அந்த ஒரு பொருளை எழுதி, அதுக்குக் கீழ அது கூட இழுத்துட்டு வர்றதை எல்லாம் எழுதுங்க. விலை தெரியாத வரில கேள்விக்குறி போடுங்க. மூணு கேள்விக்குறிக்கு மேல வந்தா அந்த மாசம் வாங்க வேணாம், விசாரிக்க மட்டும் செய்யுங்க. நான் போன மாசம் என் பைக்குக்கு எழுதினேன். அஞ்சு வந்துச்சு.